வாடகை வீட்டில் கரண்ட் பில் திடீரென்று எகிறினால்: கோலாலம்பூரில் குடியிருப்போருக்கு ஒரு செய்முறை

இரவெல்லாம் ஏர்கோன், காலையில் வெந்நீர். கோலாலம்பூர் வாடகை வீடுகளில் கரண்ட் பில்லை ஏற்றிவிடுவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். எப்போதும் அப்படியே என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு மீட்டர் உங்கள் பெயரில் மாறிக் கிடக்கலாம். முன்பு குடியிருந்தவர் வைத்துவிட்டுப் போன பாக்கி உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். எதுவென்று தெரியாமல் ஏர்கோன்காரருக்கும் வயர்மேனுக்கும் பணம் கொடுத்துப் பயனில்லை. கீழே உள்ள வரிசைப்படி பார்த்தால் ஒரு சனிக்கிழமை காலையிலேயே விஷயம் பிடிபட்டுவிடும். கடைசி மூன்று பில், கைப்பேசி, ஒரு தாள், பேனா போதும். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், எதையும் கழற்றப் போவதில்லை.

படி 1: ரிங்கிட்டை விடுங்கள், யூனிட்டைப் பாருங்கள்

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு முதலில் ஒன்று. அங்கே பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முதல் 100 யூனிட் இலவசம். இங்கே மாதாமாதம் வரும், அந்த இலவசமும் கிடையாது. ஊர்க் கணக்கை வைத்து ஒப்பிட்டால் எந்த பில்லும் அதிகமாகத்தான் தெரியும்.

இங்கே கரண்ட் கொடுக்கும் நிறுவனமான டிஎன்பி (தெனாகா நேஷனல்) அனுப்பும் பில்லில் நான்கு இடங்களைப் பாருங்கள். எத்தனை நாளுக்கான பில், எத்தனை யூனிட், ‘துங்காக்கான்’ என்ற வரியில் பழைய பாக்கி ஏதும் ஏறியிருக்கிறதா, மீட்டர் அளவு உண்மையில் எடுத்ததா அல்லது ‘அங்காரான்’ என்று போட்ட உத்தேச அளவா. யூனிட்டை நாள் கணக்கால் வகுங்கள். 34 நாளுக்கு 702 யூனிட் என்றால் நாளுக்கு 20.6, முந்தைய பில்லில் 31 நாளுக்கு 455 என்றால் 14.7. நாளுக்கான இந்த யூனிட் கூடியிருந்தால்தான் வீட்டுக்குள் தேட வேண்டும். கூடவில்லை என்றால் தேட வேண்டிய இடம் பில்.

உத்தேச அளவு ஒரு தொல்லை. மீட்டர் பூட்டிய அறைக்குள் இருந்து ஆள் பார்க்க முடியாமல் போனால், சில மாதம் குறைவாகப் போட்டுவிட்டு, உண்மையான அளவு எடுத்ததும் மொத்தத்தையும் ஒரே பில்லில் இறக்கிவிடுவார்கள். மீட்டரில் இன்றைக்கு ஓடும் எண்ணைப் படம் எடுத்துப் பில்லில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இன்றைய எண் பில்லில் போட்டதைவிடக் குறைவாக இருந்தால் அந்த பில் தவறு, படத்தோடு முறையிடலாம்.

படி 2: 600 யூனிட் என்ற கோடு

2025 ஜூலை முதல் வீட்டுக் கட்டண முறை மாறிவிட்டது. மாதம் 1,500 யூனிட் வரை எரிப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு மின்சாரத்துக்கு 27.03 சென், திறன் கட்டணம் 4.55 சென், கம்பித் தட வலையமைப்புக்கு 12.85 சென், ஆக மொத்தம் 44.43 சென். அதிலிருந்து சிக்கனத்துக்கான தள்ளுபடி கழியும். இந்தத் தள்ளுபடி நீங்கள் விழும் படிக்கட்டைப் பொறுத்து மொத்த யூனிட்டுக்கும் சேர்த்துக் கணக்காகிறது: 200 யூனிட் வரை யூனிட்டுக்கு 25 சென், மேலே போகப்போகக் குறைந்து 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை.

பலருக்குப் பிடிபடாத இடம் 600. அதைத் தாண்டினால் தள்ளுபடி குறைகிறது, 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் சேர்கிறது, எரிபொருள் விலையைப் பொறுத்து மாதாமாதம் கூடவோ குறையவோ செய்யும் எரிபொருள் சரிகட்டலும் கணக்கில் வருகிறது. 600-க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு 8 விழுக்காடு சேவை வரியும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 590 யூனிட்டுக்கு 262.14 ரிங்கிட், அதில் யூனிட்டுக்கு 9 சென் கழித்தால் 209.04. 610 யூனிட்டுக்கு 271.02, அதோடு 10, அதில் யூனிட்டுக்கு 7.5 சென் கழித்தால் 235.27. வரியும் எரிபொருள் சரிகட்டலும் சேர்க்காமலே 20 யூனிட்டுக்கு 26 ரிங்கிட் வித்தியாசம்!

தீபாவளிக்கு முந்தைய மாதம் பிஸ்கட் சுடும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். ஓவன் தின்றது 25 யூனிட்தான் இருக்கும். ஆனால் வழக்கமாக 590-இல் நிற்கும் வீட்டைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ள அதுவே போதும்.

படி 3: மீட்டரையே கேட்டுவிடுவது

கொண்டோ எனும் அடுக்குமாடி வீடுகளில் மீட்டர்கள் தளத்துக்கு ஒரு அறையிலோ கீழ்த்தளத்திலோ வரிசையாக இருக்கும். மேனேஜ்மெண்ட் ஆபீசில் சொல்லி, காவலாளியைக் கூட்டிக்கொண்டு போங்கள். பில்லில் உள்ள மீட்டர் எண்ணும் மீட்டரில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று முதலில் சரிபாருங்கள். மேலே ஒட்டிய வீட்டு எண்ணை நம்ப வேண்டாம். ஸ்டிக்கர் மாறி ஒட்டியிருப்பதும் நடக்கிறது.

பிறகு வீட்டில் ஒருவரை நிறுத்தி, பிரேக்கர்கள் உள்ள டிபி பெட்டியில் மெயின் ஸ்விட்சை அடைக்கச் சொல்லுங்கள். மீட்டரின் சிறு சிவப்பு விளக்கை ஐந்து நிமிடம் கவனியுங்கள். சிமிட்டுவது நிற்க வேண்டும். சில மீட்டரில் மின்சாரம் ஓடாதபோது விளக்கு அணையாமல் நிலையாக எரியும், அதுவும் சரிதான். ஆனால் வீடு இருட்டான பிறகும் சிமிட்டிக்கொண்டே இருந்தால் அந்த மீட்டர் வேறு வீட்டுக்கு ஓடுகிறது, அல்லது உங்கள் தடத்திலிருந்து யாரோ இழுக்கிறார்கள். வீடியோ எடுத்துக்கொண்டு அத்தோடு நிறுத்திவிடுங்கள். மீட்டரையோ அதன் முத்திரையையோ தொட்டால் வம்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும். மீட்டரில் கை வைப்பது மின் விநியோகச் சட்டப்படி குற்றம்.

நின்றுவிட்டது என்றால் அடுத்த வேலை. மெயினைப் போட்டு, மற்ற பிரேக்கர்களை அடைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். மீட்டரில் ‘1000’ என்று யூனிட்டுக்கான சிமிட்டல் எண் அச்சாகியிருந்தால், நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல் என்பது 60 வாட். 14 சிமிட்டல் 840 வாட். ஒரு குதிரைத்திறன் பழைய ஏர்கோன் கிட்டத்தட்ட இவ்வளவு இழுக்கும். 60 சிமிட்டல் 3,600 வாட், அது ஷவர் ஹீட்டர். ‘1600’ என்று இருந்தால் சிமிட்டலுக்கு 37.5 வாட். பிரிட்ஜும் வைஃபையும் மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்றைத் தாண்டினால் தேட வேண்டிய பொருள் வேறு ஏதோ இருக்கிறது.

ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீட்டுக்கு மைடிஎன்பி செயலியில் தினசரி கணக்கே தெரியும். கணக்கு வீட்டுக்காரர் பெயரில் என்றால் அந்தத் திரையின் படத்தை அவரிடம் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் ஏறத் தொடங்கியது என்பது பாதி விடை.

‘வயரில் லீக் ஆகிறது, அதனால்தான் பில்’ என்று வயர்மேன் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். பழைய வீடுகளில் உள்ள 100 மில்லியாம்ப் ஈஎல்சிபி-யை, அதாவது கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்சை, விழவைக்காமல் ஓடக்கூடிய கசிவு அதிகபட்சம் 23 வாட். மாதம் முழுக்கக் கசிந்தாலும் 17 யூனிட், ஏழெட்டு ரிங்கிட். பில் இரட்டிப்பானதற்கு அது காரணமாகாது. ஆனால் ஈஎல்சிபி-யில் உள்ள சோதனைப் பட்டனை அழுத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் பில்லை விட உயிர் பெரிது, அன்றே ஆள் கூப்பிடுங்கள்.

படி 4: பாத்ரூம் ஹீட்டர்

இரண்டு வகை. சுவரில் சின்னப் பெட்டியாக உள்ள உடனடி ஹீட்டர் 3.6 கிலோவாட் அளவில் இழுத்தாலும், தண்ணீர் ஓடும்போது மட்டும்தான் எரியும். 10 நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட். மூன்று பேர், இரண்டு வேளை என்றால் மாதம் 108 யூனிட், ஏறக்குறைய 48 ரிங்கிட். நம் குழாய்த் தண்ணீரே 27, 28 டிகிரியில் வருகிறது. நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓட்டத்தில் இன்னும் 10 டிகிரி ஏற்ற 2 கிலோவாட் போதும். அதனால் குமிழைப் பாதியில் வைத்தாலே வெதுவெதுப்பாக இருக்கும்.

பில்லைத் தின்பது பெரும்பாலும் இரண்டாவது வகை, சீலிங்குக்கு மேலே ஒளிந்திருக்கும் தொட்டி ஹீட்டர். ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கும். வந்த நாளிலிருந்து யாரும் அதை அடைத்திருக்க மாட்டார்கள். 30 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 1.1 யூனிட்தான் வேண்டும்; 2.5 கிலோவாட் ஹீட்டருக்கு அது 27 நிமிட வேலை. குளிக்க அரை மணி முன்பு போட்டு, உள்ளே போகும்போது அடைத்துவிடுங்கள். நாள் முழுதும் போட்டே வைத்தால், சூடு ஆற ஆற அது மறுபடி மறுபடி எரியும்.

இன்னொரு ஓட்டை, வெந்நீர்ப் பக்கம் சொட்டும் குழாய். மணிக்கு ஒரு லிட்டர் வெந்நீர் சொட்டினால் அந்த நீரைச் சூடாக்கவே மாதம் 27 யூனிட். சிங்க் குழாயின் கைப்பிடியை நடுவில் விடும் பழக்கமும் இதே கதைதான், கை கழுவ வெந்நீர் இழுக்கும். ஆவி வரும் அளவுக்குக் கொதித்தால், மேலே உள்ள வால்விலிருந்து சுடுநீர் கொட்டினால், தெர்மோஸ்டாட் போய்விட்டது. ஸ்விட்சை அடைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம்.

படி 5: ஏர்கோன்

ஒரு குதிரைத்திறன் இன்வெர்ட்டர் அல்லாத ஏர்கோன், இரவு 9 மணி நேரம், 24 டிகிரி. கம்ப்ரசர் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஓடும் என்று வைத்தால் 5 யூனிட், மாதம் 150. அதே மெஷினை 18-இல் வைத்தால் பழைய கண்ணாடி ஜன்னல் அறையில் கம்ப்ரசர் நிற்கவே நிற்காது, 230 யூனிட். மூன்று அறை, மூன்று பேரும் 18 என்றால் 690. வீட்டில் வேறு எதுவும் ஓடாமலே 600 கோட்டைத் தாண்டிவிட்டது.

கோளாறைக் கண்டுபிடிக்க: 24-இல் வைத்து அரை மணி கழித்து, மெஷினுக்குள் போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் ஒரு சாதாரண அறை வெப்பமானியால் அளங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். குறைவாக இருந்து, கம்ப்ரசரும் நிற்காமல் ஓடினால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. வலைவடி (ஃபில்டர்) அடைத்திருக்கிறது, அல்லது கேஸ் குறைந்திருக்கிறது. வலைவடியை நீங்களே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவலாம். கழுவிய பிறகும் அதேதான் என்றால், செப்புக் குழாயில் பனி படிகிறதா என்று பாருங்கள். பனி தெரிந்தால் ஆள்தான். கேஸ் தானாகத் தீராது, எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றிவிட்டுப் போகிறவர் கொஞ்ச நாளில் திரும்பி வருவார், உங்கள் செலவில்.

மற்றவை சுருக்கமாக. பிரிட்ஜ் கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள், எளிதாக வந்தால் ரப்பர் போய்விட்டது. கடைகளில் விற்கும் ‘பவர் சேவர்’ பெட்டியை வாங்காதீர்கள். வீட்டு மீட்டர் கணக்கிடும் யூனிட்டை அது குறைக்காது. வார நாளில் மதியம் 2 முதல் இரவு 10 வரை விலை கூடுதலாகவும் மற்ற நேரம் குறைவாகவும் உள்ள திட்டம் ஒன்று இருக்கிறது. பகலெல்லாம் ஆபீசில் இருந்து இரவில் மட்டும் ஏர்கோன் போடுகிறவர்களுக்குச் சரிப்படும், ஆனால் கணக்கு வைத்திருப்பவர்தான் கேட்க வேண்டும்.

படி 6: வீட்டுக்காரரிடம் சொல்வது

ஏர்கோன் சர்வீஸ் பெரும்பாலும் குடித்தனக்காரர் பொறுப்பு, பழுதும் மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்றுதான் ஒப்பந்தங்களில் இருக்கும். ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டு எழுதுங்கள். புகாரை விட எண் நன்றாக வேலை செய்யும்:

“வணக்கம் அண்ணே. இந்த பில் 34 நாளுக்கு 702 யூனிட், போன பில் 31 நாளுக்கு 455. இன்னைக்கு மெயினை அடைச்சு மீட்டரைப் பார்த்தோம், நின்னுடுச்சு, மீட்டர்ல பிரச்சினை இல்லை. பெரிய ரூம் ஏர்கோன் 24-ல வச்சும் கம்ப்ரசர் நிக்கவே மாட்டேங்குது, வீடியோ அனுப்பியிருக்கேன். நீங்க ஆள் அனுப்புறீங்களா, இல்ல நாங்களே கூப்பிட்டுப் பார்த்து ரசீது அனுப்பட்டுமா?”

மீட்டர் நிற்கவில்லை, அல்லது எண் பொருந்தவில்லை என்றால் வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு டிஎன்பி கேர்லைன் 1300-88-5454 அல்லது அருகிலுள்ள டிஎன்பி சேவை மையமான கெடாய் தெனாகா. புகார் எண்ணை வாங்காமல் வராதீர்கள். அங்கே தீரவில்லை என்றால் அடுத்த கதவு சுருஹான்ஜாயா தெனாகா எனும் எரிசக்தி ஆணையம். புகார் நடக்கிறதே என்று பில்லைக் கட்டாமல் விட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். தவணை கேட்டு ஒரு பகுதியாவது கட்டுங்கள்.

அறைத்தோழர்களுக்குள் பங்கு பிரிக்கும்போது, ஏர்கோன் ஓடாத இரண்டு மூன்று நாளின் தினசரி யூனிட்டை எடுத்து 30-ஆல் பெருக்குங்கள். அந்த அடிப்படைத் தொகையை எல்லாரும் சமமாகப் பிரிக்கலாம். மீதியை ஏர்கோன் உள்ள அறைகள் ஏற்கட்டும். ஃபேன் மட்டும் போட்டுத் தூங்குகிறவரிடம் சமபங்கு வாங்குவதில்தான் நல்ல சிநேகம் எல்லாம் கெடுகிறது.

வீடு மாறும்போது, சாவி வாங்கும் நாளிலும் கொடுக்கும் நாளிலும் மீட்டரின் எண்ணும் ஓடும் அளவும் ஒரே படத்தில் தெரிய எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அரை மாத வாடகை அளவுக்குக் கரண்ட், தண்ணீருக்கென்று பிடித்து வைத்திருக்கும் முன்பணத்தைத் திரும்பக் கேட்கும்போது காட்ட வேறு சாட்சி இருக்காது.