மருத்துவம் படிக்க ஆசைப்படும் 13–15 வயதுப் பிள்ளைகள் நம் தோட்டப் பட்டணங்களில் என்ன தொண்டு செய்யலாம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட், பகாவ், பாகான் செராய் மாதிரியான ஊர்களில் டாக்டராக வேண்டும் என்று சொல்லும் படிவம் 1 (இடைநிலைப்பள்ளி முதலாண்டு) பிள்ளைக்கு முதலில் தோன்றுவது, ஆஸ்பத்திரி வார்டில் போய் உதவலாம் என்பதுதான். அந்த வயதில் அதற்கு அனுமதி கிடைப்பது அரிது, கிடைக்காததும் நல்லதே. நோய்த்தொற்று, ஊசி, நோயாளியின் அந்தரங்கம் ஆகிய மூன்றுக்கும் பொறுப்பேற்க 13 வயது போதாது. வார்டுக்கு வெளியே செய்ய வேண்டிய வேலையோ கொட்டிக் கிடக்கிறது. பால்மரம் வெட்டி ஓய்ந்த தாத்தா பாட்டிகளில் பலருக்கு மருந்துப் பையில் மலாயில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

பள்ளியில் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸோ செம்பிறைச் சங்கமோ இருந்தால் சீருடை இயக்கமாக அதையே எடுங்கள். முதலுதவியை முறையாகக் கற்கலாம், புறப்பாட மதிப்பெண்ணும் சேரும். பிறகு பெற்றோரின் எழுத்து அனுமதியோடு, பொறுப்பாசிரியர் வழியாக கிளினிக் கெசிஹாத்தானுக்கோ (அரசு சுகாதார கிளினிக்) கோயில் நிர்வாகத்துக்கோ கடிதம் கொடுங்கள். "உதவ விரும்புகிறோம்" என்று மட்டும் எழுதினால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். எந்த நாள், எத்தனை மணி நேரம், எத்தனை பேர், என்ன வேலை, உடன் வரும் பெரியவர் யார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு தடவைக்கு 2 மணி நேரம் போதும்.

எடுத்த எடுப்பில் செய்யக்கூடிய நல்ல வேலை, மருந்துப் பட்டியல் எழுதிக் கொடுப்பது. தெரிந்த வீடாக இருந்தாலும் இருவராகவே போங்கள். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரும் கூட இருக்கட்டும். பழையது, புதியது, மைலோ டின்னில் போட்டு வைத்தது எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு வேளைக்கு எத்தனை, எப்போது. 'செபெலும் மாக்கான்' என்றிருந்தால் சாப்பாட்டுக்கு முன், 'செலெப்பாஸ் மாக்கான்' என்றிருந்தால் சாப்பாட்டுக்குப் பின். பையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். இரத்த அழுத்த மருந்தான அம்லோடிபின் 5 மில்லிகிராமை 10 என்று எழுதினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். டின்னில் உதிரியாகக் கிடக்கும் மாத்திரையை நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள், 'பெயர் தெரியாத வெள்ளை மாத்திரை' என்றே எழுதுங்கள்.

இதில் அடிக்கடி நேரும் கோளாறு ஒன்று உண்டு. போன முறை வாங்கிய நீரிழிவு மருந்து மெட்ஃபோர்மின் ஒரு கம்பெனியுடையது, இம்முறை கொடுத்தது வேறு கம்பெனியுடையது. அட்டையும் மாத்திரையின் வடிவமும் மாறியிருக்கும். பாட்டி புது மருந்து என்று எண்ணி இரண்டையும் சேர்த்து விழுங்குவார். ஒரே பெயர் இரண்டு பையில் இருந்தால் அந்த வரிகளுக்கு வட்டம் போட்டு, அப்போதே வீட்டுப் பெரியவரிடம் காட்டுங்கள். தாளும் பைகளும் அன்றே கிளினிக் மருந்தாளரிடம் போக வேண்டும். "இதை நிறுத்திடுங்க பாட்டி" என்று நீங்களாகச் சொல்லக் கூடாது.

2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அதனால் நம் மண்டபங்களில் சுகாதார முகாம் நடந்தால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மேசைப் பக்கம் போகாதீர்கள். பயன்படுத்திய ஊசிமுனை வழியாக ஹெபடைடிஸ் பி தொற்றலாம். நர்ஸ் பார்வையில் தானியங்கி இரத்த அழுத்தக் கருவியில் உதவலாம். வந்தவரை 5 நிமிடம் பேசாமல் உட்கார வையுங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதங்கள் தரையில் பதியட்டும், கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். கருவியின் பட்டையைச் சட்டைக் கைமேல் சுற்றாதீர்கள். பெருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். 138 என்றால் 138 என்றே எழுதுங்கள், 140 ஆக்காதீர்கள். மேல் எண் 180ஐத் தொட்டால் வரிசையை விட்டுவிட்டு உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இரத்த தான முகாமில் கொடையாளர் படிவத்தை நிரப்பித் தர முன்வராதீர்கள். அதில் அந்தரங்கக் கேள்விகள் இருக்கும். உங்கள் இடம் தண்ணீர், பிஸ்கட் மேசை. பலர் மயங்குவது இரத்தம் கொடுக்கும்போது அல்ல, எழுந்து நடந்து இந்த மேசைக்கு வரும்போதுதான். கொடுத்தவர் 10–15 நிமிடமாவது உட்காரட்டும். முகம் வெளுத்தாலோ, வியர்த்தாலோ, கொட்டாவி விட்டாலோ அங்கேயே படுக்க வைத்து, காலை உயர்த்திப் பிடித்து நர்ஸை அழையுங்கள். பெரிய உருவத்தைத் தனியாகத் தாங்கப் போய் நீங்களும் விழாதீர்கள். 17 வயதானதும் எடை குறைந்தது 45 கிலோ இருந்தால், பெற்றோர் கையெழுத்தோடு நீங்களும் கொடுக்கலாம்.

கொசு ஒழிப்புக் கோத்தோங் ரோயோங்குக்கு (ஊர்கூடிச் செய்யும் துப்புரவு வேலை) மூடிய காலணியும் கையுறையும் கட்டாயம்; கால்வாய் நீரில் எலிச் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் வரும். 15 வயதில் பள்ளியில் போடும் டெட்டனஸ் ஊசியைத் தவறவிட்டிருந்தால் கிளினிக்கில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, பார்த்ததையும் கேட்டதையும் வெளியே சொல்லாமல் இருப்பது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊர் இது. முன்வீட்டு மாமாவின் சர்க்கரை அளவை அம்மாவிடம்கூடச் சொல்லாதீர்கள். மறுநாளே கடைத்தெருவுக்குப் போய்விடும், அவர் இனி எந்த முகாமுக்கும் வரமாட்டார். பெற்றோரே, நீங்களும் கேட்காதீர்கள். முகாமில் படம் எடுத்தால் நோயாளியின் முகமோ படிவமோ அதில் விழக் கூடாது. விதிவிலக்கு ஒன்றுதான்: ஒருவருக்கு ஆபத்து என்று தோன்றினால் பொறுப்பாளரிடம் மட்டும் சொல்லுங்கள்.

ஒரு குறிப்பேட்டில் தேதி, நேரம், செய்த வேலை, புரியாமல் போனது ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள், நோயாளியின் பெயர் வேண்டாம். மாதம் ஒருமுறை பொறுப்பாசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மாற்றலாகிப் போன பிறகு தேடிப்போய் வாங்குவது பெரும்பாடு.