சர்ச்சையான மசோதா ஒண்ணு வந்தா, அது தேறுமா தேறாதான்னு எப்படி பாக்குறது?

புதுசா ஒரு மசோதா வந்து சண்டை கிளம்புனதும் எல்லாரும் முதல்ல எண்ணுறது எம்எல்ஏ தலையைத்தான். அதை கொஞ்சம் ஓரமா வைங்க, ஏன்னு 2023ல நம்ம தமிழ்நாடு சட்டசபைல திமுக அரசு கொண்டு வந்த 12 மணி நேர வேலை மசோதாவை வச்சே சொல்றேன்.

முதல்ல மசோதா பிடிஎஃப்ஐ எடுத்து நேரா கடைசிக்கு போங்க, அங்க நோக்க காரண விளக்கம்னு ஒரு பகுதி இருக்கும். இதை கேட்டது யாருன்னு பெரும்பாலும் அதுலயே மாட்டிக்கும். அந்த மசோதாவுல, வேலை நேரத்தை வளைச்சு வச்சுக்க வழி வேணும்னு தொழில் நிறுவனங்களும் அவங்க சங்கங்களும் கேட்டதா அரசே எழுதியிருந்துச்சு. டிவில ரெண்டு மணி நேரம் கத்துனதுல கிடைக்காத விஷயம் இந்த ஒரு பத்தில கிடைச்சுது. அப்புறம் உள்ள போய், தொழிற்சாலைகள் சட்டத்துல சேக்கிற 65ஏங்கிற புதுப் பிரிவைப் பாத்தா, எல்லாருக்கும் 12 மணி நேரம்னு நேரடியா எங்கயும் கிடையாது, வேலை நேரம் ஓவர்டைம் இதுக்கெல்லாம் இருக்குற விதிகள்லருந்து எந்தத் தொழிற்சாலைக்கு வேணும்னாலும் அரசு விலக்கு கொடுக்கலாம்னு இருக்கும். "அரசு விலக்களிக்கலாம்"னு எங்க பாத்தாலும் அங்க ஒரு கோடு போட்டுக்கோங்க, உண்மையான அதிகாரம் அங்கதான் இருக்கு.

அடுத்து தேதி. ஏப்ரல் 21, கூட்டத்தொடரோட கடைசி நாள், குரல் வாக்கெடுப்புல பாஸ். தெரிவுக் குழுவுக்கு (மசோதாவை அலசிப் பாக்குற எம்எல்ஏக்கள் குழு) போகாம கடைசி நாள்ல அவசரமா ஓடுதுன்னா விவாதம் வேணாம்னு நினைக்கிறாங்கன்னுதான் நான் எடுத்துப்பேன். குரல் வாக்கெடுப்புல யார் எந்தப் பக்கம்னு பதிவே இருக்காது, அதனால வெளிநடப்பு பண்ணது யாருன்னு பாருங்க. அன்னைக்கு இடதுசாரிகளும் விசிகவும், அதாவது கூட்டணிக்காரங்களே எந்திரிச்சு போனாங்க.

இப்ப தலைக் கணக்குக்கு வாங்க. 234ல 118 போதும், 2021ல உதயசூரியன்ல ஜெயிச்சதே 133. கூட்டணி மொத்தமா எதிர்த்தாலும் சட்டம் நிக்கும். ஆனா மூணே நாள்ல, தொழிற்சங்கங்களோட பேச்சுவார்த்தை முடிஞ்ச கையோட, நிறுத்தி வச்சாங்க. மே 1 அன்னைக்கு வாபஸ்னு முதல்வர் அறிவிச்சாரு. மே தினம் பக்கத்துல வருதுன்னு காலண்டர் பாத்திருந்தாலே பாதி புரிஞ்சிருக்கும்! கொஞ்சம் முன்னாடி கர்நாடகாவுல இதே மாதிரி திருத்தம் நிறைவேறுச்சு, அங்க இந்த அளவுக்கு பின்வாங்கல. அதனால ஆளுங்கட்சி யாரைப் பகைச்சுக்க முடியாதுன்னு லிஸ்ட் போட்டுப் பாருங்க, எம்எல்ஏ எண்ணிக்கையை விட அது உதவும்.

கமிட்டி போட்டாலே கிடப்புல போடத்தான்னு நம்ம ஊர்ல ஒரு நினைப்பு. பாதி உண்மை. ஆன்லைன் ரம்மி தடைச் சட்டத்தை 2021ல சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு, அப்புறம்தான் ஓய்வு நீதிபதி சந்துரு தலைமைல குழு போட்டு, அறிக்கை வாங்கி, 2022ல புது மசோதா கொண்டு வந்தாங்க. அது கோர்ட்டுக்கு முன்கூட்டியே ஆதாரம் சேத்து வைக்கிற வேலை.

சபை தாண்டுனதும் ஆளுநர். ரம்மி மசோதாவை அவரு திருப்பி அனுப்ப, 2023 மார்ச்ல மறுபடி நிறைவேத்தி அனுப்புனாங்க, ஏப்ரல்ல ஒப்புதல் வந்துச்சு. ஆனா பொதுப் பட்டியல்ல, அதாவது மத்திய அரசும் மாநிலமும் ரெண்டுமே சட்டம் போடலாம்ங்கிற பட்டியல்ல இருக்குற விஷயத்துல, மத்திய சட்டத்தோட மோதுற மாதிரி இருந்தா குடியரசுத் தலைவர் கையெழுத்தும் வேணும், நீட் விலக்கு மசோதா மாட்டுனது அங்கதான்.

கையெழுத்து ஆனாலும் "அரசு அறிவிக்கும் தேதியில் நடைமுறைக்கு வரும்"னு முதல் பக்கத்துலயே ஒரு வரி இருக்கான்னு பாத்துருங்க. நாடாளுமன்றம் 2019லயும் 2020லயும் நிறைவேத்துன நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அந்த வரியை வச்சுக்கிட்டு 2025 நவம்பர் வரைக்கும் பெரும்பாலும் சும்மாவே கிடந்துச்சு.