தண்ணீர்மலை அடிவாரத்தில் முதல் காட்டுநடை

பினாங்கில் “காட்டுக்குள்ள நடக்கலாம் வாங்க” என்று கூப்பிட்டால், நம்மவர்களில் பாதிப்பேர் கொடிமலையை (பினாங்கு ஹில்) நினைத்து முட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். மலையே ஏற வேண்டாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் அதே சாலையின் கடைசியில்தான் தாவரவியல் பூங்கா இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. இந்த விளக்கம் இதுவரை நடந்தே பழகாதவர்களுக்கும், வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்கும்.

1. பாதையைத் தேர்ந்தெடுங்கள்

உள்ளே மேல்சுற்று, கீழ்சுற்று என்று இரண்டு சாலைகள். முதல் தடவை கீழ்சுற்று போதும். தார் போட்டது, படிக்கட்டு ஏறும் வேலை இல்லை. சக்கர நாற்காலியும் போகும். ஆனால் லேசான ஏற்ற இறக்கம் உண்டு, தள்ள ஓர் ஆள் கூட வரட்டும். மேல்சுற்றின் ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும். நின்று நின்று பார்த்தபடி போனாலும் கீழ்சுற்றுக்கு ஒரு மணி நேரம் தாராளம்.

2. நேரம்

விடிந்ததும் போய்விடுங்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம், மாலை மழைக்கும் தப்பலாம். கார் இல்லாதவர்களுக்கு ஜார்ஜ் டவுன் கொம்தார் கட்டடத்திலிருந்து ரேப்பிட் பினாங்கு 10ஆம் எண் பேருந்து. தைப்பூச நாட்களில் அந்தப் பக்கம் போவதை மறந்துவிடுங்கள்.

3. பை

தண்ணீர், குடை, கொசு மருந்து. ரப்பர் சிலிப்பர் வேண்டாம், நிழலான இடங்களில் பாசி வழுக்கும். பிளாஸ்டிக் பை மட்டும் கையில் இருக்கவே கூடாது. ஏன் என்பது அடுத்ததில்.

4. குரங்குகள்

நீளவால் குரங்கு, மலாயில் கெரா. சலசலக்கும் பிளாஸ்டிக் பை என்றால் உள்ளே நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) இருக்கிறது என்றே அதற்குக் கணக்கு. தீனி போடத் தடை இருந்தும் போடுகிறவர்கள் போட்டதால் வந்த பழக்கம் இது. குறும்பு என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வரும்.

கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளும். பொருளைப் பிடுங்கினால் இழுபறி வேண்டாம், விட்டுவிடுங்கள். ஓடவும் வேண்டாம், மெதுவாக விலகி நடங்கள். பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக கிளினிக்குக்குப் போங்கள்.

மரத்து மேலே இன்னொரு இனம் இருக்கும்: லோத்தோங். சாம்பல் உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், இலை தின்னும் சாது. குட்டி மட்டும் பொன் நிறத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் அன்றைய நடை லாபம்.

5. நடங்கள், நில்லுங்கள்

பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா? வேகம் சரி. பேச்சு திக்கினால் வேகத்தைக் குறையுங்கள். நிற்பதற்குக் காரணம் வேண்டுமானால் நாகலிங்க மரத்தைத் தேடுங்கள். நம் சிவன் கோயில்களில் பார்த்த அதே மரம்தான், பூர்வீகம் தென் அமெரிக்கா. பூ அடிமரத்திலிருந்தே கொத்தாகப் புறப்படும். பீரங்கிக் குண்டு மாதிரி கனமான காய்கள், அதனால் நேர் கீழே நின்று படம் எடுக்காதீர்கள்.

இந்த இடம் முன்பு கருங்கல் எடுத்த குவாரி. 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் இங்கே தோட்டம் போட ஆரம்பித்தார். 2021இல் யுனெஸ்கோ அறிவித்த கொடிமலை உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் இந்தப் பூங்காவும் அடக்கம். பூங்காவின் ‘வாட்டர்ஃபால்’ (அருவி) என்ற பழைய பெயரை நம்பி அருவியைத் தேடிப் புறப்படாதீர்கள். அது நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் இருக்கிறது, நினைத்தபடி உள்ளே போக முடியாது. பாதையோரம் ஓடும் ஓடையோடு திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள்.

6. இடி கேட்டால்

பெரிய மரத்தடியில் ஒதுங்காமல் வாசல் பக்கம் திரும்பிவிடுங்கள். மழை விடும்வரை வெளியே கடையில் ஓர் இளநீர்.

இரண்டு மூன்று வாரம் கீழ்சுற்று பழகியபின் மேல்சுற்றை முயலலாம். பூங்காவுக்குச் சற்று முன்னால், சாலையோரம் வட்டமான ‘மூன் கேட்’ வாசல் தெரியும். கொடிமலை ஏறும் பாதை அங்கே தொடங்குகிறது. அதற்கு வேறு காலணி, வேறு நாள். அப்பா அம்மா வீட்டிலேயே இருக்கட்டும்.