லண்டனிலிருந்து யாழ்ப்பாணம்: கடைசி 350 கிலோமீட்டரையும் கணக்கில் எடுங்கள்

லண்டனிலிருந்து கொழும்புக்கு எத்தனை மணித்தியாலம் என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். நேர் விமானம் என்றால் 11 மணித்தியாலத்துக்குக் கிட்ட, தூரம் ஏறக்குறைய 8,700 கி.மீ., டோகா அல்லது துபாயில் மாறினால் காத்திருப்போடு 14 மணித்தியாலமோ அதற்கு மேலோ. ஆனால் உங்கள் வீடு சுன்னாகத்திலோ பருத்தித்துறையிலோ அல்லவா இருக்கிறது? கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்கு இன்னும் 350 கி.மீ.க்கு மேல் தரைவழி, வான் வண்டியில் ஆறு ஏழு மணித்தியாலம். வயதான அம்மா அப்பாவோடு போகிறவர்கள் இதை முதலிலேயே யோசியுங்கள்.

கட்டுநாயக்கா கொழும்புக்கு வடக்கே 30 கி.மீ. தள்ளி இருக்கிறது, ஊரும் வடக்கேதான். அதனால் கொழும்பில் வேலை இல்லையென்றால் தங்குவதற்காக வெள்ளவத்தை வரை போகாதீர்கள், பக்கத்திலேயே நீர்கொழும்பு இருக்கிறது. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஊரிலிருந்து வான் பிடிக்கும்போது பல வேளைகளில் சாரதி இரவிரவாக ஓடி வந்து, உங்களை ஏற்றிக்கொண்டு அப்படியே திரும்புவார். புத்தளம் தாண்டியதும் அவர் கண் சொருகும், பின்னால் பிள்ளைகள் நித்திரை. தயவுசெய்து அவரை முதல் நாளே வரச்சொல்லி, அறைக் காசையும் நீங்களே கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு சாரதிகள் கேளுங்கள். வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் நிற்பார்கள், தேங்காய் உடைத்து கச்சான் வாங்கி, கொஞ்சம் காலாற நடந்துவிட்டு ஏறுங்கள்.

இன்னொரு வழி சென்னை. யாழ்ப்பாணத்திலுள்ள பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது, சென்னையிலிருந்து அங்கே வானத்தில் சுமார் 360 கி.மீ., சிறிய ஏடிஆர் விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில். 2025இல் திருச்சியிலிருந்தும் இண்டிகோ நிறுவனம் விமானம் விடத் தொடங்கியது, அது இன்னும் கிட்ட. லண்டன்–சென்னை நேர் விமானம் 10 மணித்தியாலம் அளவில் என்பதால் நேரம் பொருந்தினால் இந்த வழியை நான் விரும்புவேன், பலாலியில் இறங்கினால் வீட்டுக்கு முச்சக்கர வண்டியிலேயே போய்விடலாம்.

ஆனால் இரண்டு தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் வெளியே வந்து பொதிகளை எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு இந்திய விசா கட்டாயம். திரும்பும்போதும் அதே வழி என்றால் அது இரண்டாவது நுழைவு, விசா எத்தனை நுழைவுக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பொதி. லண்டன் விமானம் விடுகிற நிறையை ஏடிஆர் விடாது, மிச்சத்துக்குக் கிலோ கணக்கில் காசு கேட்பார்கள். முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்தச் செலவும் உங்களுடையதுதான், ஆகவே சென்னையில் ஒரு இரவு தங்குவதாகவே போடுங்கள்.

செத்தவீடு, ஆஸ்பத்திரி என்று அவசரமாக ஓடுகிறவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு, இலங்கைக்கான பயண அனுமதியை (ETA) இணையத்தில் எடுத்துக்கொண்டு கொழும்புக்கே ஏறுங்கள்.

திரும்புகிற நாளில் மத்தியான விமானம் என்றால் முதல் நாள் பகலிலேயே யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு இரவு நீர்கொழும்பில் படுங்கள். ஏ9 வீதியில் இரவில் மாடும், வன்னிப் பக்கம் யானையும் குறுக்கே வரும்.