ஸ்டார் வார்ஸ் ‘ஏர்லி பேர்ட்’ மறுவெளியீட்டுப் பொம்மைத் தொகுப்பை மதிப்பிடுவது எப்படி? புதிய சேகரிப்பாளர்களுக்கான செய்முறை விளக்கம்

1977ஆம் ஆண்டு மே மாதம் ஸ்டார் வார்ஸ் திரைக்கு வந்தபோது, அதன் பொம்மைகளைத் தயாரிக்கும் உரிமம் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தைச் சேர்ந்த கென்னர் நிறுவனத்திடம் இருந்தது, பொம்மைகள்தான் தயாராகவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியும் உற்பத்தி கைகூடாததால், பொம்மை இல்லாத ஓர் அட்டை உறையைக் கென்னர் கடைகளில் விற்றது. அதற்குள் ஒரு சான்றிதழும், பொம்மைகளைப் பின்னாளில் நிறுத்திவைப்பதற்கான அட்டைத் தாங்கியும், சில ஒட்டுப்படங்களும் இருந்தன. சான்றிதழை நிரப்பி அஞ்சலில் அனுப்பியவர்களுக்கு 1978இல் லூக் ஸ்கைவாக்கர், இளவரசி லேயா, சூபாக்கா, ஆர்டூ-டீடூ ஆகிய நான்கு பொம்மைகள் வீடு தேடி வந்தன. இதுவே ‘ஏர்லி பேர்ட்’ தொகுப்பு.

கென்னர் நிறுவனம் 1991இல் ஹாஸ்ப்ரோ என்னும் அமெரிக்கப் பொம்மை நிறுவனத்தின் கைக்கு வந்தது. அந்த ஹாஸ்ப்ரோ 2005இல் இதே தொகுப்பை, முதலில் சான்றிதழ், பிறகு அஞ்சலில் பொம்மை என்னும் அதே முறையில், வால்மார்ட் கடைகள் வழியாக மறுவெளியீடு செய்தது. 2019இல் ‘ரெட்ரோ கலெக்‌ஷன்’ என்ற பெயரில், கென்னரின் பழைய பாணியில் அமைந்த மற்றொரு வரிசையையும் தொடங்கியது. ஆகவே இன்று ஒருவர் கையில் ‘பழைய லூக்’ என்று ஒரு பொம்மையை வைத்தால், அது மூன்று காலங்களில் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்ததாக இருக்கலாம். இவற்றைத் தவிர போலிகளும் உண்டு. மறுவெளியீட்டை நான் தாழ்வாக எண்ணுபவன் அல்லன். மூலத்தை வாங்க வசதியில்லாத ஒருவர் அந்த வடிவத்தைக் கையில் ஏந்திப் பார்க்க அது வழி செய்கிறது. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

தேவையான பொருள்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, சிறிய டார்ச் விளக்கு, மில்லிமீட்டர் அளவுகோல் அல்லது வெர்னியர், மென்மையான தூரிகை, வெள்ளைக் காகிதம், ஒரு கிண்ணம் தண்ணீர் ஆகியவை போதும். கைகளைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் பழைய பெயின்டுக்கு ஆகாதவை.

முதல் படி: காலின் பின்புறத்தைப் படியுங்கள்

முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பாருங்கள். பொம்மையைக் குப்புறப் படுக்கவைத்து, டார்ச் ஒளியை நேராக அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழச் செய்தால், கால்களின் பின்புறத்தில் வார்ப்பிலேயே பதிந்த சிறிய எழுத்துகள் நிழலோடு எழுந்து தெரியும். ஆர்டூ-டீடூ போன்ற சிறிய உருவங்களில் பாதத்தின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும். முதல் தலைமுறைக் கென்னர் பொம்மைகளில் 1977 என்ற ஆண்டும் ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. என்ற எழுத்துகளும் இருக்கும். இது ‘ஜெனரல் மில்ஸ் ஃபன் குரூப்’ என்பதன் சுருக்கம். காலை உணவுத் தானியங்களுக்குப் பேர்போன ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமாகத்தான் கென்னர் அப்போது இருந்தது. பின்னர் வந்த கதாபாத்திரங்களில், ஸ்டார் வார்ஸ் படங்களைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தைக் குறிக்கும் எல்.எஃப்.எல். என்ற எழுத்துகள் அந்த இடத்தைப் பிடித்தன. ஹாஸ்ப்ரோ காலத்து மறுவெளியீடுகளில் ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. என்ற குறியை எதிர்பார்க்காதீர்கள். பொம்மை எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இந்த ஒரு படியிலேயே விடை கிடைத்துவிடும்.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மூலப் பொம்மைகளில் ஆண்டுக் குறியை அடுத்து ஹாங்காங், தைவான் என்பது போல நாட்டின் பெயர் இருக்கும். ஆனால் எல்லாவற்றிலும் இருக்காது. உற்பத்தி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறியபோது, சில அச்சுகளில் நாட்டின் பெயர் நீக்கப்பட்டது. அத்தகைய பொம்மைகளில் பெயர் இருந்த இடம் வெறுமையாகவோ சிறு தழும்போடோ காணப்படும். எனவே நாட்டின் பெயர் இல்லை என்பதற்காக ஒன்றைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் ஆண்டுக் குறி இருக்க வேண்டிய பரப்பு முழுவதும் உப்புத்தாள் தேய்த்தது போல வழவழப்பாக இருந்தால், யாரோ மறைக்க விரும்பிய எழுத்து அங்கே இருந்திருக்கலாம்; அதை வாங்காமல் விடுவதே நல்லது.

இரண்டாம் படி: வடிவத்தையும் மூட்டுகளையும் சோதியுங்கள்

கென்னர் இந்த வரிசைக்குத் தேர்ந்தெடுத்த அளவு மூன்றே முக்கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ ஒன்பதரை சென்டிமீட்டர். பொம்மை அமரக்கூடிய விண்கலங்களையும் கட்டுபடியாகும் விலையில் விற்க வேண்டுமானால் பொம்மை சிறிதாக இருந்தாக வேண்டும் என்பதே அந்த அளவுக்குக் காரணம். லூக், லேயா இருவருக்கும் கழுத்து, இரு தோள்கள், இரு இடுப்பு மூட்டுகள் என ஐந்து அசைவுகள்தான் உண்டு. முழங்காலோ முழங்கையோ மடங்காது. மறுவெளியீட்டிலும் இது அப்படியே இருக்க வேண்டும், ஏனெனில் அந்த விறைப்பான நிலைதான் அதன் அழகு.

மறுவெளியீடுகள் பழைய அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. பழைய உருவத்தை ஒட்டிப் புதிய அச்சில் செய்யப்பட்டவை. ஆகவே முகத்தின் கூர்மை, முடியின் கோடுகள், ஆடையின் மடிப்பு ஆகியவற்றில் சிறு வேறுபாடுகள் தென்படும். இதைக் குறையாகக் கொள்ளாமல், எவ்வளவு நெருங்கி வந்திருக்கிறது என்ற அளவில் மதிப்பிடுங்கள். போலிகளின் கதை வேறு. ஓர் அசல் பொம்மையிலிருந்து நேரடியாக அச்செடுத்து மீண்டும் வார்க்கும்போது, வார்க்கும் பொருள் ஆறி இறுகுகையில் சற்றே சுருங்குவதால், நகல் கடுகளவாவது சிறிதாகவும் விவரங்கள் மழுங்கியும் வரும். சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு பொம்மையை அருகில் வைத்து வெர்னியரால் தோள் அகலத்தையும் உயரத்தையும் அளந்து ஒப்பிட்டால் இது பிடிபடும்.

மூட்டுகளை மெதுவாக ஒருமுறை மட்டும் அசையுங்கள். நிறுத்தினால் நிற்க வேண்டும். கையைத் தூக்கினால் தொங்கி விழக் கூடாது. மூல ஆர்டூ-டீடூவின் தலையைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்று ஒலி எழும். அந்த ஒலி அடங்கிப்போன மூலப் பொம்மை, உள்ளே தேய்ந்த பொம்மை.

மூன்றாம் படி: நிறமும் பெயின்டும்

வெள்ளைக் காகிதத்தின் மேல் லேயாவையும் ஆர்டூவையும் வைத்து, சன்னல் வழியே வரும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் வெயிலாலும் காற்றாலும் காலப்போக்கில் மஞ்சளாகும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து ஒளியில் வைத்து வெளுப்பாக்கும் பழக்கம் சேகரிப்பாளர்களிடம் உண்டு. அப்படி வெளுத்தது மீண்டும் மஞ்சளாகக்கூடும் என்பதோடு, பிளாஸ்டிக்கின் உறுதியும் குறையக்கூடும் என்பதால், விற்பவரிடம் இதை நேரடியாகக் கேட்டுவிடுங்கள். ஆர்டூவின் உடலைச் சுற்றியிருப்பது பெயின்ட் அன்று, அச்சிட்ட ஒட்டுத்தாள். அதன் ஓரம் தூக்கியிருக்கிறதா, அதன் பழமை பொம்மையின் பழமையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மஞ்சளேறிய உடலில் பளிச்சென்ற ஒட்டுத்தாள் இருந்தால், அது பின்னாளில் மாற்றி ஒட்டப்பட்டது.

நான்காம் படி: துணைப்பொருள்கள்

பணம் போவதும் ஏமாற்றம் நேர்வதும் பெரும்பாலும் இங்கேதான். நான் வாங்கிய முதல் மூலச் சூபாக்காவுக்குக் காலில் குறி சரியாக இருந்தது, உடலும் குறையின்றி இருந்தது. ஆனால் கையிலிருந்த வில் ஆயுதம் பின்னாளில் யாரோ வார்த்த நகல் என்று ஓராண்டு கழித்துத்தான் கண்டுகொண்டேன். அன்றிலிருந்து பொம்மையையும் அதன் ஆயுதத்தையும் தனித்தனிப் பொருள்களாகவே சோதிக்கிறேன்.

லூக்கின் மஞ்சள் நிற லைட்சேபர் என்னும் ஒளிவாள் வலக் கைக்குள்ளிருந்து வழுக்கி வெளியே வரும் அமைப்புடையது. அதன் மெல்லிய நுனி ஒடியாமல் இருப்பது மூலப் பொம்மைகளில் அரிது. மிக முற்பட்ட சிலவற்றில், வாளுக்குள்ளிருந்து இன்னும் மெல்லிய ஒரு பகுதி மறுபடியும் நீளும்; ‘டபுள் டெலஸ்கோப்பிங்’ என்று அழைக்கப்படும் அந்த வகைக்கு விலை மிகவும் அதிகம், போலிகளும் அதிகம். உங்கள் முதல் வாங்கலாக அது இருக்க வேண்டாம். லேயாவுக்கு வைனில் மேலங்கியும் ஒரு கைத்துப்பாக்கியும் உண்டு. மேலங்கியின் கைத்துளை ஓரங்களில் கிழிசல் தொடங்கியிருக்கிறதா என்று விளக்கொளியில் பாருங்கள்.

ஆயுதங்களுக்கு ஓர் எளிய தண்ணீர்ச் சோதனை இருக்கிறது. கென்னரின் பழைய ஆயுதங்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதக்கும். நகல்களில் பல மூழ்கும். காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு ஏமாற்றாமல் இருக்க, ஆயுதத்தை விரலால் முழுவதும் அமிழ்த்திவிட்டு விடுங்கள். மூழ்கினால் அது வலுவான எச்சரிக்கை. ஆனால் நகல்களிலும் மிதப்பவை உண்டு என்பதால், மிதந்ததை மட்டும் வைத்து அசல் என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அச்சு இணையும் கோடு மெல்லியதாக இருக்கிறதா, கைப்பிடி பொம்மையின் கையில் இறுகாமலும் நழுவாமலும் பொருந்துகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பொம்மையைத் தண்ணீரில் போடாதீர்கள். ஆர்டூவின் ஒட்டுத்தாள் கெட்டுப்போகும்.

ஐந்தாம் படி: உறையும் பெட்டியும்

‘ஏர்லி பேர்ட்’ தொகுப்பு இரு தவணைகளில் வாங்கியவரை அடைந்தது என்பதால், முழுமை என்ற சொல்லுக்கு இங்கே தனிப் பொருள் உண்டு. கடையில் விற்ற சான்றிதழ் உறை ஒன்று. அஞ்சலில் வந்த பொம்மைப் பெட்டி மற்றொன்று. இரண்டும் இருந்தால்தான் முழுத் தொகுப்பு. பிரிக்கப்படாத உறையில் பொம்மை இருக்காது, அதிலுள்ள சான்றிதழைக் கொண்டு இனி எதையும் பெறவும் முடியாது. ஆகவே உறையை மட்டும் வாங்குபவர் காகிதத்தை வாங்குகிறார் என்பதை அறிந்து வாங்க வேண்டும். அட்டையின் மூலை மடிப்பு, வெயிலால் வெளிறிய நிறம், ஈரக்கறை, பிரித்து மீண்டும் ஒட்டிய பசைத் தடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘ரெட்ரோ கலெக்‌ஷன்’ பொம்மையானால், அட்டையில் பழைய கென்னர் சின்னம் இருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம்; அது இன்றைய ஹாஸ்ப்ரோ திட்டமிட்டு அச்சிட்டது. அந்த வரிசையில், கென்னர் அன்று செய்யவே செய்யாத கிராண்ட் மாஃப் டார்கின் போன்ற உருவங்களும் உண்டு. அவற்றைப் ‘பழையது’ என்று விற்க முயல்பவரிடம் மேலும் பேச ஏதுமில்லை.

ஆறாம் படி: விலை

இணையத்தில் கேட்கப்படும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்த விலைகளைத் தேடிப் பாருங்கள். அதுவும் அதே ஆண்டு வெளியீட்டுக்கு, அதே நிலையிலுள்ள பொருளுக்கு. 1978இன் பொம்மைகள் குழந்தைகளின் மண்ணிலும் மணலிலும் புரண்டவை. முழுமையாகப் பிழைத்தவை குறைவு. 2005இல் வாங்கியவர்களிலோ பலர் வளர்ந்த சேகரிப்பாளர்கள். வாங்கிய கையோடு அலமாரியில் பத்திரப்படுத்தினார்கள். ஆகையால் மறுவெளியீட்டில் புத்தம் புதிய நிலை என்பது அரிதானதன்று, எதிர்பார்க்கப்படுவது. மூலப் பொம்மையில் பொறுத்துக்கொள்ளும் ஒரு கீறலுக்கு, மறுவெளியீட்டில் தாராளமாக விலையைக் குறைத்துக் கேட்கலாம். 2019இல் ‘ரெட்ரோ’ பொம்மை ஒன்றின் கடை விலை சுமார் 10 டாலர் என்பதையும் பேரத்தின்போது நினைவில் வையுங்கள்.

ஏழாம் படி: குறிப்பு எழுதி வையுங்கள்

வாங்கியபின், அமிலமில்லாத ஒரு சிறிய காகிதத்தில் பென்சிலால் எழுதுங்கள்: எந்த ஆண்டின் வெளியீடு, காலில் இருந்த குறி, எந்தத் துணைப்பொருள் உடன் வந்தது, எது பின்னர் சேர்க்கப்பட்டது, எது நகல். அதைப் பெட்டிக்குள், பொம்மையில் ஒட்டாமல், தனி உறையில் இட்டு வையுங்கள். என் சூபாக்காவின் பெட்டியில் இப்போது ‘உடல் மூலம், வில் நகல்’ என்ற இரண்டு வரிகள் இருக்கின்றன; அடுத்து அதை வாங்குபவர் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை.