லான்ட்மாஸ்டர் காசும் மத்தியஸ்த சபையும்: போக முன் வாசியுங்கள்

என் பழைய லான்ட்மாஸ்டரை, அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, விற்றேன். பாதிக் காசு வந்தது. மீதி 180,000 ரூபாய் "இந்தா தாறன், அந்தா தாறன்" என்று ஒரு வருடம் இழுபட்டது. கடைசியில் கிளிநொச்சிப் பக்கம் மத்தியஸ்த சபைக்குப் போனேன்; நீதிமன்றம் போக முன் இரு தரப்பையும் இருத்திப் பேசி இணக்க இலங்கையில் சட்டப்படி அமைத்த சபை அது. போன வழி இதுதான்.

முதலில் விண்ணப்பம். சபை எங்கே கூடுகிறது என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள்; பெரும்பாலும் வார இறுதியில், ஏதாவது பாடசாலையில். எதிராளியின் அடையாள அட்டை முகவரியை நம்பாதீர்கள், அது இடம்பெயர முன் இருந்த ஊராக இருக்கலாம். என் முதல் அழைப்புக் கடிதம் ஆளில்லாத வளவுக்குத்தான் போனது. விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) இப்போதைய முகவரியைக் கேட்டு எழுதுங்கள்.

அடுத்தது மத்தியஸ்தர்கள். சபையின் பட்டியலில் நீங்கள் ஒருவரைத் தெரியலாம், எதிராளி ஒருவரைத் தெரியலாம். அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவார்கள். சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது. நான் வயல் செய்பவரைத் தெரிந்தேன். உழவுக் கணக்கை விளக்கும் வேலை மிச்சம். வைபர் செய்திகளைப் போனில் காட்டாமல் அச்செடுத்துப் போங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்க நான் நம்புவது சீ.ஆர். கொப்பியைத்தான் (தடித்த மட்டைக் கொப்பி).

நான் சறுக்கியது இணக்கம் எழுதும்போது. அங்கே தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், நாம் ஒத்துக்கொள்வதைத்தான் எழுதுவார்கள். "அறுவடை முடிந்ததும் மீதி கொடுப்பது" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தோம். நான் நினைத்தது சிறுபோகம், அதாவது கோடை நெல். ஆவணியில் கேட்டால், "அண்ணை, நான் காலபோகத்தையெல்லோ சொன்னனான்" என்று மாரி நெல்லைச் சொல்கிறார். இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு அளந்து பங்கிடும் தண்ணீர்தான். அந்த முறை அவர் விதைக்கவே இல்லை. பொய் என்றும் சொல்ல முடியாது. திரும்பவும் சபைக்குப் போய் மாற்றி எழுதினோம்: 90,000 வீதம் இரண்டு தவணை, திகதியுடன், வங்கிக் கணக்கு இலக்கத்துடன். காசு வந்து சேர்ந்தது.

இணங்காவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி, குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்கை அது இல்லாமல் நீதிமன்றம் எடுக்காது. அந்தத் தொகையை இடைக்கிடை கூட்டியிருக்கிறார்கள், சபையில் கேளுங்கள்.

பிற்சேர்க்கை: வன இலாகா எல்லைக் கல்லு நட்டுத் தன்னுடையது என்று எடுத்த காணியைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அரசிடமிருந்து காணியை மீட்கும் விஷயத்தை இந்தச் சபை எடுக்காது. பக்கத்து வளவுக்காரரோடு எல்லை வேலிப் பிரச்சினை என்றால் போகலாம்.

இன்னொருவர் நடுத்தீர்ப்பைக் கேட்டார். அது வேறு, 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். இரு தரப்பும் அதற்கு எழுத்தில் உடன்பட்டிருக்க வேண்டும். அங்கே நடுவர் தீர்ப்பே சொல்வார், அதை மேல் நீதிமன்றம் மூலம் நிறைவேற்றலாம். நெல் கொள்வனவு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன், பிணக்கு வந்தால் நடுத்தீர்ப்புக்குப் போவது என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவருக்குக் கூலி உண்டு. லான்ட்மாஸ்டர் காசுக்கு நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்.