சோற்றை அளந்து கலோரி கணக்கிடுவது: அரிசியில் தொடங்கினால் தப்பாது

ஒரு கப் சோற்றில் எத்தனை கலோரி என்று தேடிப் பாருங்கள். 170 என்று ஓர் இடத்தில் இருக்கும், 205 என்று இன்னோர் இடத்தில், 240 என்று வேறோர் இடத்தில். மூன்றுமே பொய்யில்லை. முதல் கணக்கு பசையரிசிக்கு, இரண்டாவது உதிரியாக வெந்த நீள அரிசிக்கு, மூன்றாவது கப்பில் நெருக்கமாக அமரும் குட்டை அரிசிக்கு. உங்கள் பாத்திரத்தில் இருப்பது எது, அது எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்பது எந்தப் பட்டியலுக்கும் தெரியாது. அதனால் உங்கள் எண்ணை நீங்களே எடுத்துக்கொள்வதுதான் சரி. ஒரு தராசு போதும், அரைமணி நேரம் போதும்.

வேகாத அரிசி 100 கிராமுக்குச் சுமார் 360 கலோரி. அதில் ஏறத்தாழ 80 கிராம் மாவுச்சத்து, 7 கிராம் புரதம், 1 கிராமுக்கும் குறைவான கொழுப்பு. மீதி பெரும்பாலும் ஈரப்பதம். வெள்ளை அரிசி, புழுங்கல் அரிசி, தவிடு நீக்காத அரிசி எதை எடுத்தாலும் 350-க்கும் 375-க்கும் நடுவில்தான் நிற்கும். தவிட்டரிசிக்கு மாறினால் கலோரி குறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். குறையாது. அதில் கூடுதலாகக் கிடைப்பது நார்ச்சத்து. அது நல்லதுதான், ஆனால் அது வேறு கணக்கு. பொட்டலத்தில் 1,500 போல ஓர் எண்ணைப் பார்த்தால் திடுக்கிட வேண்டாம். அது கிலோஜூல், 4.184-ஆல் வகுத்தால் கலோரி வந்துவிடும்.

வேகும்போது அரிசியில் சேர்வது தண்ணீர் மட்டுமே. தண்ணீருக்குக் கலோரி இல்லை. 300 கிராம் அரிசியில் 1,080 கலோரி இருந்தால், அது 720 கிராம் சோறானாலும் 960 கிராம் சோறானாலும் மொத்தம் அதே 1,080தான். மாறுவது ஒரு கிராம் சோற்றுக்கு எவ்வளவு என்பது மட்டும். பிழைகள் நுழைவதெல்லாம் இந்த இடத்தில்தான்.

அளக்கும் முறை

1 கிராம் துல்லியம் உள்ள டிஜிட்டல் தராசு, பாத்திரத்தோடு சேர்த்து 5 கிலோவரை தாங்குவதாக இருக்கட்டும். ஆடாத, சமமான இடத்தில் வையுங்கள். சந்தேகமாக இருந்தால், நம்பகமான அளவுக் குவளையில் 250 மில்லி தண்ணீர் எடுத்து நிறுத்துப் பாருங்கள். 250 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும்.

சமைக்கும் பாத்திரத்தைக் காலியாக, மூடி இல்லாமல் நிறுத்து எடையைக் குறித்துவையுங்கள். 1,140 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் இனி இந்த வேலையே இல்லை. அடுத்து அரிசியைக் கழுவுவதற்கு முன், ஊறவைப்பதற்கு முன் நிறுக்க வேண்டும். ஊறிய அரிசி தண்ணீரை உறிஞ்சிக் கனத்திருக்கும். அதை நிறுத்து 3.6-ஆல் பெருக்கினால் கணக்கு வீணாக ஏறிவிடும். 300 கிராம் எடுத்தீர்கள் என்றால் 300 × 3.6 = 1,080 கலோரி.

வழக்கம்போல் சமையுங்கள். வெந்து, தண்ணீர் வற்றி, கிளறிவிட்ட பிறகு, முதல் கரண்டி எடுப்பதற்கு முன் பாத்திரத்தோடு நிறுங்கள். சூடான பாத்திரத்தை நேராகத் தராசின்மேல் வைக்காதீர்கள். சூட்டில் உள்ளிருக்கும் உணர்கருவி தடுமாறும், நாளடைவில் கெட்டும் போகும். ஒரு மரப்பலகையை முதலில் வைத்து, பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள். தராசு 1,980 காட்டுகிறது. 1,140-ஐக் கழித்தால் சோறு 840 கிராம். 1,080-ஐ 840-ஆல் வகுத்தால் கிராமுக்கு 1.29 கலோரி. இதுதான் உங்கள் எண்.

இனி தட்டை வைத்துப் பூஜ்யமாக்கி, சோற்றைப் போட்டு நிறுக்க வேண்டியதுதான். 180 கிராம் விழுந்தால் 232 கலோரி. முதலிலேயே 200 கலோரிதான் வேண்டும் என்று முடிவு செய்திருந்தால், 200-ஐ 1.29-ஆல் வகுங்கள்: 155 கிராம்.

இந்த நேரத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: கிளறிய கரண்டி பாத்திரத்துக்குள்ளேயே நிற்கும். அதன் 70 கிராமும் சோறாகப் பதிவாகிவிடும். அப்போது 840 என்பது 910 ஆகும், கிராமுக்கு 1.19 என்று வரும், நீங்கள் சாப்பிடும் ஒவ்வொரு தட்டும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். மூடியும் இதே வேலையைச் செய்யும்.

பட்டியல் எண் ஏன் போதாது

வெந்த வெள்ளைச் சோற்றுக்கு 100 கிராமுக்கு 130 கலோரி என்பது பரவலாகப் பயன்படும் எண். அரிசி ஏறத்தாழ 2.8 மடங்கு எடை கூடியிருந்தால் அது பொருந்தும். தண்ணீரைக் குறைத்து விறைப்பாகச் சமைப்பவருக்கு 300 கிராம் அரிசி 720 கிராம்தான் ஆகும், கிராமுக்கு 1.5 கலோரி. அதே 180 கிராம் தட்டில் இப்போது 270 கலோரி. குழைய வேகவைத்து 960 கிராம் வந்தால், அதே தட்டில் 203. பார்ப்பதற்கு ஒரே அளவு சோறு, நடுவில் 67 கலோரி இடைவெளி. நாளுக்கு இரண்டு வேளை சாப்பிடுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இதை தினமும் செய்ய வேண்டாம். ஒரே அரிசி, ஒரே பாத்திரம், ஒரே தண்ணீர் அளவு என்றால் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் போதும். அரிசி மூட்டை மாறும்போது மறுபடி ஒருமுறை பாருங்கள். பழைய அரிசி கூடுதலாகத் தண்ணீர் இழுக்கும், புதிய அரிசி குறைவாக.

இன்னொரு பெரிய தவறு செயலிகளில் நடக்கிறது. தேடலில் வேகாத அரிசியும் வெந்த சோறும் பக்கத்துப் பக்கத்தில் வரும். 150 கிராம் சோற்றை வேகாத அரிசியின் கீழ் பதிந்தால் 195-க்குப் பதில் 540 காட்டும். மாற்றிப் பதிந்தால் அதைவிட மோசம், ஏனென்றால் குறைவாகக் காட்டும் எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை. பதிவின் 100 கிராம் மதிப்பைப் பாருங்கள்: 350-ஐத் தாண்டினால் அரிசி, 100-க்கும் 150-க்கும் நடுவில் இருந்தால் சோறு.

கப்பும் கரண்டியும்

கப் என்பது ஒரே அளவு இல்லை. ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லி. தலைதட்டி எடுத்தால் சுமார் 150 கிராம் அரிசி, 540 கலோரி. சமையல் குறிப்புகளில் வரும் 240 மில்லி கப்பில் ஏறத்தாழ 185 கிராம், 665 கலோரி. வெந்த சோற்றைக் கப்பால் அளப்பது இன்னும் நம்பிக்கையற்றது. உதிரியாகப் போட்டால் 160 கிராம் பிடிக்கும் கப், கரண்டியால் அழுத்தினால் 200-ஐத் தொடும்.

தராசை மேசைக்குக் கொண்டுவர விருப்பமில்லாதவர்கள் தங்கள் கரண்டியையே அளவாக்கிக்கொள்ளலாம். வழக்கமாகப் பரிமாறும் அதே வேகத்தில், குவித்தால் குவித்தபடியே, ஐந்து கரண்டி எடுத்துத் தட்டில் போட்டு மொத்தமாக நிறுங்கள். 390 கிராம் என்றால் ஒரு கரண்டி 78 கிராம், மேலே சொன்ன சோற்றில் சரியாக 100 கலோரி. ஒரு கரண்டியை மட்டும் நிறுத்தால் ஏமாந்துவிடுவோம். அளக்கிறோம் என்று தெரிந்தால் கை தானாகவே ஒழுங்காக எடுக்கும்.

கூடுதலாகச் சேர்பவை

சோற்றை நுணுக்கமாக அளந்துவிட்டு எண்ணெயைக் கண்ணால் ஊற்றினால் உழைப்பு வீண். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரி, ஒரு டேபிள்ஸ்பூன் 120. கலந்த சாதமாகச் செய்தால் எண்ணெய், பருப்பு, காய் எல்லாவற்றையும் வேகாத எடையில் நிறுத்து, கலோரிகளைக் கூட்டி, முடிவில் வரும் மொத்த எடையால் வகுங்கள். முறை அதேதான்.

கஞ்சியை வடிப்பவர்களுக்குக் கொஞ்சம் மாவுச்சத்து கஞ்சியோடு போய்விடும். அதனால் இந்தக் கணக்கு உண்மையைவிடச் சற்றே கூட நிற்கும், அப்படியே விட்டுவிடலாம். வடித்த கஞ்சியையும் குடிக்கிறீர்கள் என்றால் கழிக்க எதுவும் இல்லை. ஐந்து பத்து கலோரிக்காக அலைய வேண்டாம். அரிசிக்கு அரிசியே அதைவிட அதிகமாக வேறுபடும்.

ஆறவைத்துக் குளிரூட்டிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. உண்மைதான், ஆனால் அளவு சிறியது. அதை நம்பிக் கணக்கில் குறைக்காதீர்கள், தட்டில் கூட்டவும் செய்யாதீர்கள். மிஞ்சிய சோற்றைச் சூடாக்கும்போது தண்ணீர் தெளிப்போம், எடை மாறிவிடும். ஆகவே தெளிப்பதற்கு முன்பே நிறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, சமைத்த அன்றே, 1.29 என்ற எண் பொருந்தும்போதே, 155 கிராம் வீதம் பெட்டிகளில் பிரித்து மேலே கலோரியை எழுதி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவது. வெளியிலேயே விட்டால் சோற்றில் வளரும் ஒருவகை பாக்டீரியா நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.